எழுதி வாங்கிச் செய்வதா, காட்டிக் காட்டிச் செய்வதா, கூடவே உட்கார்ந்து செய்வதா?

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல் செய்யும் ஒரு பட்டறைக்கு மென்பொருள் செய்து தரும் வேலை எங்களிடம் வந்திருக்கிறது. ஆர்டர் எடுப்பது, எந்தப் பூ எத்தனை கல் தயாராக இருக்கிறது என்று பார்ப்பது, பில் போடுவது, லாரி ஏற்றுவது வரை எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்கிறார்கள். நாங்கள் காரைக்குடியில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம். பட்டறை முதலாளி முதல் சந்திப்பிலேயே தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, என்னென்ன வேணும்னு ஒரு தரம் உக்காந்து எழுதிக்குவோம். நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். முடிச்சுக் கொண்டுவந்து மாட்டிவிட்டுருங்க. நடுவுல எங்களை இழுக்காதீங்க, வேலை கெட்டுப்போகும்."

இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். அவர் கேட்டபடியே எல்லாவற்றையும் முதலில் எழுதி, கையெழுத்து வாங்கி, கடைசியில் மொத்தமாகக் கொடுப்பது ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவரை செய்ததை ஓடவிட்டுக் காட்டி, திருத்தம் கேட்டுக் கேட்டுச் செய்வது இன்னொன்று. பட்டறையிலேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, அவர்கள் வேலை நடக்க நடக்க நம் வேலையையும் நடத்துவது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு இடங்களில் செய்து பார்த்துவிட்டோம். இந்தப் பக்கம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் மென்பொருள் செய்கிறவர்களுக்கும், காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறவர்களுக்கும் எங்கள் அனுபவம் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் எழுதிக்கொள்வது

இந்த வழியை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட முடியாது. மொத்தச் செலவு எவ்வளவு என்று முதலாளிக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. வேலை எங்கே முடிகிறது என்று எங்களுக்கும் தெரியும். பின்னால் பேச்சு மாறினால் எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்கிறது. டெண்டர் வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

வடிவம் வெளியிலேயே முடிவாகிவிட்ட பகுதிகளுக்கு இதுதான் சரியான வழி என்றும் சொல்வேன். ஆத்தங்குடியிலிருந்து பெங்களூருக்கு லாரி போகிறது, சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டுகிறது என்றால் இ-வே பில், அதாவது சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு, வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதற்கு அந்த வரம்பு 1 லட்சம். அதில் என்னென்ன விவரம் இருக்கவேண்டும் என்பது பட்டறைக்காரர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அதைக் காட்டிக் காட்டி அபிப்பிராயம் கேட்டுப் பலன் இல்லை. எழுதிவைத்துக்கொண்டு செய்து முடித்துவிடலாம்.

ஆனால் ஒரு கடை முழுவதையும் இப்படி எழுதிவிட முடியும் என்று நம்பித்தான் நாங்கள் ஒரு பலகாரக் கடையில் தவறு செய்தோம். 2025 ஜூனில் உட்கார்ந்து எழுதினோம், பதினெட்டுப் பக்கம் வந்தது. கடைக்காரர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். அக்டோபரில், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், கொண்டுபோய் மாட்டினோம். மூன்றாம் நாள் அவர்கள் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. எழுதியதை அப்படியே செய்திருந்தோம். ஆனால் கடை அந்தத் தாளில் எழுதியபடி நடக்கவில்லை. ஆர்டர் என்றால் ஒரு வாடிக்கையாளர், சில பலகாரங்கள், ஒவ்வொன்றும் இத்தனை கிலோ, ஒரு டெலிவரித் தேதி என்று எழுதியிருந்தோம். கல்யாண ஆர்டர் அப்படி வருவதே இல்லை. தேன்குழலையும் சீப்புச் சீடையையும் கிலோவில் சொல்கிறார்கள். அதிரசத்தையும் கைமுறுக்கையும் 51, 101 என்று எண்ணிக்கையில் சொல்கிறார்கள். ஆர்டர் சொல்வது ஊரில் இருக்கும் ஆச்சி, அட்வான்ஸ் அனுப்புவது சிங்கப்பூரில் இருக்கும் மகன், சரக்கை வாங்கிக்கொள்வது சென்னையிலிருந்து காரில் வரும் மருமகள். கல்யாணத்துக்கு முதல் நாள் கொஞ்சம், அன்றைக்குக் காலையில் மீதி, கடைசி நேரத்தில் போன் பண்ணி "இன்னும் 20 சேத்துப் போடுங்க". கடைக்கு இதெல்லாம் ஒரே ஆர்டர். எங்கள் திரையில் அது மூன்று வாடிக்கையாளர்களாகவும் நான்கு பில்களாகவும் சிதறிப்போனது.

கல்லாவில் இருக்கும் அக்காவுக்கு இது எல்லாமே தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் அந்தப் பதினெட்டுப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்கச் சொல்லவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஒருநாள் முன்னதாக, ஒரே ஒரு திரையை அவர்களிடம் காட்டியிருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு கணக்கையும் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

இதற்கு நடுவில், செப்டம்பர் 22 அன்று, பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்கும் கார வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. எங்கள் தாளில் 12 என்று கையெழுத்தாகியிருந்தது. எண்ணை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. தாளில் இல்லாததைச் செய்தால் அந்தச் செலவு யாருடையது என்ற பேச்சுதான் ஒரு வாரத்துக்கு ஓடியது.

இந்த முறையை வாட்டர்ஃபால் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். இதன் தொடக்கம் என்று காட்டப்படுவது அமெரிக்க மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் எழுதிய கட்டுரை. ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்தது என்று, அருவி போலப் படிப்படியாகக் கீழே இறங்கும் படம் அதில் இருக்கிறது, வாட்டர்ஃபால் என்ற பெயர் இல்லை. அந்தப் படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதைச் சரிசெய்ய ஐந்து யோசனைகள் சொல்கிறார். அவற்றில் ஒன்று, வாடிக்கையாளரைக் கடைசி ஒப்படைப்புக்கு முன்னாலேயே பல கட்டங்களில் முறையாக உள்ளே கொண்டுவாருங்கள் என்பது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விஷயத்தைக்கூட ஆளாளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்வார்கள் என்பது அவர் தரும் காரணம். விண்கலப் பயணங்களுக்கு மென்பொருள் செய்த அனுபவத்தில் அவர் சொன்னது, காரைக்குடிப் பலகாரக் கடைக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டுவது

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் மென்பொருள் துறையினர் 17 பேர் கூடி எழுதியது அஜைல் அறிக்கை. ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது மேல் என்பது அதன் நான்கு வரிகளில் ஒன்று. ஒப்பந்தமே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. அதற்கும் மதிப்பு உண்டு, இதற்கு அதைவிட அதிகம் என்கிறது. ஓடுகிற மென்பொருளை இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை கையில் கொடுத்துக்கொண்டே இருங்கள், இடைவெளி குறைவாக இருப்பது நல்லது என்றும் சொல்கிறது.

தேவகோட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு இந்த வழியில் செய்தோம். முதல் டெமோவில் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். இரண்டாவதிலும் "நல்லா இருக்கு". எனக்கு அது பயமாக இருந்தது. நம் ஊரில் ஒருவர் தேடி வந்து தான் செய்ததைக் காட்டும்போது முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள், காபி கொடுத்து அனுப்பிவைப்பார்கள். அதோடு நாங்கள் காட்டியதில் "பொருள் 1, பொருள் 2, விலை 100" என்று போலி விவரங்கள்தான் இருந்தன. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மூன்றாவது டெமோவுக்கு முன்னால் அவர்களுடைய பில் புத்தகத்தை வாங்கிவந்து, பொருள்களையும் விலைகளையும் அப்படியே உள்ளே ஏற்றினோம். கம்ப்யூட்டர் முன்னால் முதலாளிக்குப் பதிலாகப் பில் போடும் பையனை உட்காரவைத்தோம். "முந்தாநாள் போட்ட பில்லையெல்லாம் இதுல திரும்பப் போடுப்பா" என்றோம். நாலாவது பில்லில் கை நின்றுவிட்டது. "அண்ணே, பழசை எங்க போடுறது?"

சீர் சாமான் வாங்க வருகிறவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய பித்தளையைக் கொண்டுவந்து எடைக்குப் போடுகிறார்கள். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கட்டுகிறார்கள். பழசுக்கு ஒரு விலை, புதுசுக்கு ஒரு விலை. புதுசிலும் சிலது எடைக்கு, சிலது உருப்படிக்கு. கல்யாணச் சீர் பில் என்றாலே அங்கே பழசு இல்லாமல் இருப்பது அபூர்வம். அதை எங்களிடம் யாரும் மறைக்கவில்லை. தினமும் கை தானாகச் செய்கிற ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நாங்கள் கேள்வி கேட்டிருந்தாலும் வந்திருக்காது. அவர்கள் சரக்கு, அவர்கள் விலை, அவர்கள் பில், அவர்கள் விரல் என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் வெளியே வந்தது.

அது தெரிந்தது ஆறாவது வாரத்தில். பில் போடும் பகுதியை மட்டும் திருத்தினோம். ஸ்டாக், வரவு செலவு எதுவும் அதன்மேல் இன்னும் கட்டப்படவில்லை. பலகாரக் கடையைப் போல நான்காம் மாதத்தில் தெரிந்திருந்தால் அஸ்திவாரம் வரை பிரித்திருக்கவேண்டும்.

இந்த வழியில் கஷ்டமும் உண்டு. ஒவ்வொரு டெமோவிலும் புதிதாக ஏதாவது கேட்பார்கள். "இது சின்ன வேலைதானே தம்பி" என்பதற்கு மறுப்புச் சொல்லத் தெரியாவிட்டால் வேலை முடியவே முடியாது. நாங்கள் ஒரு நோட்டு வைத்துக்கொண்டோம். புதிதாக ஒன்று உள்ளே வந்தால், அதே அளவு வேலை ஒன்று பட்டியலிலிருந்து வெளியே போகவேண்டும். எது போகவேண்டும் என்று முதலாளியே சொல்லவேண்டும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவரே, "அது அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லப் பழகிவிட்டார். நேரம் இல்லை என்றால் வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பலாமே என்று கேட்பார்கள். அனுப்பிப் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிப் பதில் போடுவார்கள். அதை நான் டெமோவாகக் கணக்கில் வைப்பதில்லை.

இடையிடையே கணக்குக் காட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் ரங்கூனிலும் மலேயாவிலும் லேவாதேவிக் கடை வைத்திருந்த காலத்தில் முதலாளி இங்கே ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்த மேலாள் மூன்று வருடக் கணக்குக்குப் போவார், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் இருப்பார்கள். மூன்று வருடம் கழித்து மொத்தமாக ஐந்தொகையைக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று முதலாளிகள் விட்டுவிடவில்லை. நடுவில் கடிதமும் கணக்கு விவரமும் கப்பலில் வந்துகொண்டே இருந்தன.

கூடவே உட்கார்வது

மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக் 1990-களில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் வேலையில் வளர்த்தெடுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில், வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவர் குழுவோடு கூடவே இருக்கவேண்டும் என்பது ஒரு விதி. பெரிய நிறுவனம் ஒருவரை விடுவித்து அனுப்பலாம். பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறையில் விவரம் தெரிந்தவரை எங்களிடம் அனுப்பிவிட்டால் பட்டறை நின்றுவிடும். அதனால் இங்கே நாம் போய் அவர்கள் இடத்தில் உட்கார்வதுதான் நடக்கக்கூடியது.

கானாடுகாத்தான் பக்கம், பழைய வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்தும் இடத்தில் நான் மூன்று வாரம் முகப்பில் மேசை போட்டு உட்கார்ந்தேன். அங்கே கற்றுக்கொண்டதை எந்தத் தாளும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது. அறைகளை யாரும் எண்ணால் சொல்வதில்லை, வளவு மேல்பக்கத்து அறை, இரண்டாங்கட்டு அறை என்றுதான் பேச்சு. விருந்தினரோடு வரும் டிரைவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் பில்லில் வராது, ஆனால் அடுப்படிக் கணக்கில் வரும். காலை பத்து மணிக்குள் மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று உள்ளே சொல்லியாகவேண்டும், அந்த ஒரு எண்ணுக்காகத்தான் மேனேஜர் புக்கிங் நோட்டையே திறக்கிறார்.

ஆனால் மூன்று பேர் கொண்ட நிறுவனத்தில் ஒருவர் மூன்று வாரம் அங்கேயே இருப்பது பெரிய செலவு. ஆள் குறைந்த நாட்களில் போன் எடுப்பது, பில் எழுதுவது என்று அவர்கள் வேலையிலும் நான் கை கொடுத்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது, மென்பொருள் வேலை பின்தங்கியது. இன்னொன்று, பின்னால்தான் தெரிந்தது. நான் முழுக்க முழுக்க அந்த ஒரு மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவருடைய பழக்கம் எல்லாம் மென்பொருளுக்குள் போய்விட்டது. அவர் வேலையை விட்டுப் போனபோது, புதிதாக வந்தவருக்குத் திரை புரியவில்லை. ஒரு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல ஆகியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலு பேர் கூடிப் பார்க்கும்போது அந்த ஆபத்து குறைகிறது, ஒருவர் "ஆமாம்" என்பதை இன்னொருவர் "அது எப்படி?" என்று கேட்டுவிடுகிறார்.

ஆத்தங்குடியில் என்ன செய்யப்போகிறோம்

விலை சொல்லும் முன்னால் ஒருநாள் பட்டறைக்குப் போய்வந்தேன். ஆர்டர் எடுக்கும் திரையை ஒரு தாளில் பேனாவால் வரைந்து கொண்டுபோனேன். அளவு என்ற கட்டத்தில் சதுர அடி என்று போட்டிருந்தேன். முதலாளி அப்படித்தான் சொல்லியிருந்தார், விலையும் சதுர அடிக்குத்தான். கல் போடும் மேஸ்திரி தாளை வாங்கிப் பார்த்தார். "சதுர அடியை வச்சு நான் என்ன தம்பி பண்றது? பூக்கல் எத்தனை, பார்டர் எத்தனை, மூலை எத்தனை?"

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 20 அடிக்கு 10 அடி அறை, 200 சதுர அடி. 10 அங்குலக் கல் என்றால் நீளத்துக்கு 24, அகலத்துக்கு 12, மொத்தம் 288 கல். சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் விட்டால் அது 68, அதில் மூலைக்கல் 4. உள்ளே பூக்கல் 220. நான் என் போக்கில் செய்திருந்தால் சுற்றளவு 60 அடி, அடிக்கு 1.2 கல் என்று பெருக்கி பார்டர் 72 என்று போட்டிருப்பேன். நாலு மூலையும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும், மூலைக்கல் தனி அச்சு என்பதும் தெரியாமலே போயிருக்கும். முறிவுக்கு எத்தனை கூடப் போடுவது, மழை நாளில் காய்வதற்கு எத்தனை நாள் தள்ளிச் சொல்வது என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்தவை. நான் கொண்டுபோனது ஒரு தாளும் ஒரு பேனாவும் மட்டும்தான்.

முதலாளியிடம் பேசும்போது அவர் தொழிலையே காட்டிக் கேட்டேன். ஆத்தங்குடிக் கல்லை முகம் கீழே இருக்கும்படிதான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்டும் ஈரக் கலவையும் போடுவார்கள். சூளை கிடையாது. காய்ந்து, தொட்டித் தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் பூ முழுதாகத் தெரியும். "அண்ணே, வீடு கட்டுறவங்க ஒரு புது நிறம் கேட்டா, மாதிரிக் கல் போட்டுக் காட்டாம 2,000 சதுர அடிக்கு ஆர்டர் எடுப்பீங்களா?" என்று கேட்டேன். "எப்படி எடுக்கிறது? அப்புறம் தரையில பதிச்சுட்டு வந்து நிப்பாங்கள்ல" என்றார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே மூன்று வழியையும் அளவு பார்த்துக் கலந்திருக்கிறோம். இ-வே பில், ஜி.எஸ்.டி. பகுதிகளை எழுதி, கையெழுத்து வாங்கிச் செய்கிறோம். முதல் மூன்று நாள் நாங்கள் இரண்டு பேர் பட்டறையில் உட்கார்கிறோம், ஒருவர் கல் போடும் இடத்தில், ஒருவர் நோட்டு எழுதும் இடத்தில். அதற்குப் பிறகு ஒரு புதன் விட்டு ஒரு புதன் சாயங்காலம் ஒரு மணி நேரம், பட்டறையிலேயே டெமோ, மொத்தம் ஆறு. டெமோவில் இருப்பது பட்டறையின் நிஜ ஆர்டர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது மேஸ்திரியும் நோட்டு எழுதும் பெண்ணும். அவர்கள் இருவரில் ஒருவர் இல்லை என்றாலும் அன்றைக்கு டெமோ இல்லை, அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்போம். முதலாளிக்கு மொத்தச் செலவு தெரியவேண்டும் என்பது நியாயமான கேள்வி, அதனால் உச்சத் தொகையை எழுதிக்கொடுத்திருக்கிறோம். டெமோ ஒவ்வொன்றும் முடிந்தபின் ஆறில் ஒரு பங்கு. எந்த டெமோவோடும் அவர் நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை ஓடுவது அவருடையது.

இதையெல்லாம் படித்துக் காட்டியபோது முதலாளி ஒன்றே ஒன்று கேட்டார். மேஸ்திரிக்கு எண்ணிக்கைக் கூலி, கல்லுக்கு இவ்வளவு என்று. ஒரு மணி நேரம் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கல்லுக்குக் கூலி யார் கொடுப்பது? எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. பேசி, அந்த ஒரு மணி நேரத்துக்கு மேஸ்திரி வழக்கமாகப் போடும் கல்லைக் கணக்கிட்டு, பாதியைப் பட்டறையும் பாதியை நாங்களும் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம். முதல் டெமோ அடுத்த மாதம் இரண்டாவது புதன்.